சூளை நாள் மாத்திரை

நவ. 10, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். துவைத்த சட்டை ஒன்றும் காயவில்லை, ஈரத்தோடுதான் வேலைக்கு. அகல் விளக்கு லோடு இன்றைக்கே சூளைக்கு ஏறவேண்டும் என்று முதலாளி ஒற்றைக்காலில் நின்றார். கார்த்திகைக்கு இன்னும் மூன்று வாரம்தான். ஈரம் போகாத விளக்கு உள்ளே வெடிக்கும் என்றேன். வெடித்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றார். பார்த்துக்கொள்வது யார்? நான்தான்.

ஏற்றுவதற்கு முன் டீயோடு ஆளுக்கொரு வலி மாத்திரை. வலி வந்த பிறகு போடுகிறவன் எங்கள் செட்டில் கிடையாது. சூளை நாள் என்றால் முன்கூட்டியே போட்டுவிட்டுத்தான் விளக்கு அடுக்கிய தட்டைத் தொடுவது. வாங்கி வருவது என் பொறுப்பு. மெடிக்கல்காரர் என் தலையைக் கண்டாலே ஆரஞ்சு மாத்திரை அட்டையை எடுத்து வைத்துவிடுவார். ஒரே மாத்திரையில் இரண்டு சரக்கு, பாராசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும். பையன்கள் என்னை கம்பவுண்டர் என்பான்கள். கேலிதான், ஆனால் பிடித்திருக்கிறது.

வீட்டுக்கு வந்தால் மனைவி செல்வி படுத்திருக்கிறாள். விளக்கு வைக்கிற நேரத்தில் படுக்கிறவள் இல்லை. உடம்பு வலி என்றாள். மழையில் நனைந்திருப்பாள்.

நாளை: கேஸ் புக் பண்ண. செருப்பு தைக்க. பின்பக்கக் கூரையில் ஒழுகும் இடம் பார்க்க.

நவ. 11, செவ்வாய்

மழை இல்லை, மூட்டம். செ.வுக்கு நல்ல காய்ச்சல். கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறதாம். நேற்று ராத்திரியும் சாப்பிடவில்லை, காலையிலும் ஒன்றும் இறங்கவில்லை.

டப்பாவில் காய்ச்சல் மாத்திரை இருக்கிறது, அது போதும் என்றாள். வெறும் பாராசிட்டமால். அது சுண்ணாம்புத்தூள், குழந்தைகளுக்குத்தான் கேட்கும் என்று சொல்லி, சட்டைப்பையில் மீதி இருந்த சூளை மாத்திரையைக் கொடுத்தேன். இதுக்குள்ள அதுவும் இருக்குது, ஒரே கல்லுல ரெண்டு மாங்கா என்றேன். உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வெறும் வயித்துல போடலாங்களா?"

"நாங்க டீத்தண்ணியில போட்டுட்டுத்தான் லோடு தூக்குறோம். எவன் செத்தான்?"

போட்டுக்கொண்டாள்.

செருப்பு தைத்தாயிற்று. கேஸ் மறந்துபோச்சு.

நவ. 12, புதன்

வெயில். செ.வுக்கு வேர்த்துக் கொட்டி காய்ச்சல் இறங்கிவிட்டது. எழுந்து மிளகு ரசம் வைத்தாள். பக்கத்து வீட்டு கௌரி அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன், ஆஸ்பத்திரி கியூவில் நிற்க வேண்டியதில்லை, எதற்கு எது கேட்கும் என்று தெரிந்திருந்தால் போதும் என்று. அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று கொடுத்தேன். திரும்ப வராமல் இருக்கட்டுமே என்று.

பெங்களூரிலிருந்து பொண்ணு போன். அம்மா தூங்குது என்றேன்.

நவ. 13, வியாழன்

சூளை திறந்தோம். சொன்னது நடந்தது. அடித்தட்டில் பாதி விளக்கு வாய் பிளந்து கிடக்கிறது. முதலாளி என்னைப் பார்த்தார், நான் சூளையைப் பார்த்தேன்.

செ.வுக்குத் திரும்பக் காய்ச்சல். வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருக்கிறாள், வாந்தியும். சாப்பிடாததால்தான் வாந்தி என்று நினைத்தேன். மாத்திரை கொடுத்தேன். இந்த முறை கேள்வி கேட்கவில்லை, வாயைத் திறந்தாள்.

கௌரி அக்கா சுவரோரம் நின்று, ஜி.எச். கூட்டிப் போய் ரத்தம் பார்க்கச் சொன்னார். மழைக்காலத்தில் எல்லாக் காய்ச்சலும் ஒன்று கிடையாது தம்பி என்றார். பார்க்கலாம் என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போல, அக்கா உள்ளே போய்விட்டார்.

மத்தியானம் கொசு மருந்து அடிக்கும் நகராட்சிப் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். எங்கள் வீட்டுப் பின்னால் கனகாம்பரச் செடியைச் சுற்றி நான் வேலி மாதிரி நட்டு வைத்திருக்கிற, சூளையில் கழித்துப்போட்ட பீங்கான் ஃபியூஸ் கிண்ணங்களில் மழைத் தண்ணீர். இந்த ஊரில் எந்த வீட்டில் கழிவுச் சாமான் இல்லை? ஒரு பெண் ஒரு கிண்ணத்தைத் தூக்கி என் முகத்துக்கு நேரே காட்டினாள். உள்ளே கொசுப்புழு நெளிந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் கவிழ்த்துப் போட்டார்கள். செடியை மிதிக்காதே என்று நான் சத்தம் போட்டேன். அப்போது எனக்குச் செடிதான் பெரிதாகத் தெரிந்தது.

நவ. 14, வெள்ளி

காலையில் உடம்பு ஜில்லென்று இருந்தது. காய்ச்சல் போய்விட்டது, நல்லது என்று நினைத்தேன். பல் விளக்கினாள், துப்பியது எல்லாம் சிவப்பு. கையில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளி. எழுந்து நிற்க முடியவில்லை.

ஆட்டோவில் ஜி.எச். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து மச்சான் பைக்கில் நேராக அங்கேயே வந்துவிட்டான். செ.வின் தம்பி. அக்கா என்றால் அவனுக்கு உயிர்.

ரத்தம் எடுத்தார்கள். டெங்கு. ரத்தத்தில் தட்டணு இறங்கிக்கொண்டிருக்கிறதாம். டாக்டர் சின்னப் பெண், எங்கள் பொண்ணைவிட இரண்டு வயது கூட இருந்தால் அதிகம். என்ன மாத்திரை போட்டீர்கள், வலி மாத்திரை ஏதாவது போட்டீர்களா என்று கேட்டார். செ. என்னைப் பார்த்தாள். பக்கத்தில் மச்சான் நிற்கிறான்.

"காய்ச்ச மாத்திரதாங்க போட்டேன். வெள்ளையா இருக்குமே, அது."

அவள் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. பால்காரர் தவறி அதிகமாக ஊற்றினால்கூடக் கூப்பிட்டுச் சொல்கிறவள். டாக்டர் எழுதிக்கொண்டு போய்விட்டார். என் சட்டைப்பையில் அட்டை இருந்தது. கை அதன் மேல்தான் இருந்தது. எடுக்கவில்லை.

நவ. 15, சனி

வார்டு. மழை, ஜன்னல் வழியாகச் சாரல். பக்கத்துக் கட்டில்காரர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். பப்பாளி இலைச் சாறு, நிலவேம்பு, ஆட்டுக்கால் சூப், மாதுளை. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். நானும் இந்த ஜாதிதானே.

சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. டெங்கு சந்தேகம் இருந்தால் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் கூடாது, ரத்தக்கசிவு வரும். கொட்டை எழுத்தில். போன வருஷம் இடுப்புக்கு ஊசி போட வந்தபோதும் இதே சுவரோரம்தான் நின்றேன். அப்போதும் ஒட்டியிருந்திருக்கும். படிக்கவில்லை. நமக்குத் தெரியாததா என்று இருந்திருப்பேன்.

சாயங்காலம் பாத்ரூமிலிருந்து வந்து, கறுப்பாகப் போகிறது என்று நர்ஸிடம் சொன்னாள். நர்ஸ் வேகமாக நடந்து போனார். அந்த நடை எனக்குப் பிடிக்கவில்லை.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். மச்சான் பிளாஸ்க்கோடு வந்துவிட்டான். கையை எடுத்துக்கொண்டேன்.

நவ. 16, ஞாயிறு

இதைக் கோர்வையாக எழுத வருமா தெரியவில்லை.

காலையில் மச்சான் வந்து, கொளஞ்சியப்பர் கோவிலில் குறையை எழுதிப் பிராது கட்டிவிட்டு வந்துவிடலாம் என்றான். போன வருஷம் இவன் கொல்லையில் மோட்டார் திருடியவன் மேல் கட்டினான். கொஞ்ச நாளில் மோட்டார் வாய்க்கால் ஓரம் கிடந்தது. அதிலிருந்து போலீஸ், கோர்ட்டு எல்லாம் அவனுக்கு அவர்தான். கௌரி அக்காவைக் கட்டிலோரம் உட்கார வைத்துவிட்டுப் போனோம்.

கோவிலில் கூட்டம். நிலத் தகராறு, கடன் வாங்கி ஏமாற்றியவன், மருமகள் விரட்டிவிட்ட மாமியார். ஒவ்வொருவரும் தாளில் எழுதி வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்க ஒருவர். எங்கள் முறை வந்தது. பேர், ஊர் எழுதினார். நிமிர்ந்து, "யாரு மேலங்க குறை?" என்றார்.

மச்சான் சிரிக்கப் பார்த்தான். "கொசு மேலயா எழுத முடியும்? எங்க அக்கா நல்லாயிடணும்னு எழுதுங்க" என்றான்.

"அது வேண்டுதலுங்க. பிராதுன்னா எதிராளி வேணும்ல."

எதிராளி அவர் முன்னால்தான் உட்கார்ந்திருந்தான். பேனா காத்துக்கொண்டிருந்தது. என் பேர் நாக்கு நுனி வரை வந்தது. மச்சானைப் பார்த்தேன், அவன் சாமி இருக்கும் பக்கம் பார்த்துக்கொண்டு கும்பிட்டபடி நிற்கிறான். எனக்குப் பிறகுதான் உறைத்தது. இங்கே எழுதிக் கட்டினால் என் மனசு ஆறும். அவள் வயிற்றில் கசிவது நிற்குமா? சாமிக்குத் தெரியும். தெரியாதது அந்த டாக்டருக்குத்தான்.

நீ வேண்டுதல் எழுதிவிட்டு வா என்று சொல்லி அவன் பைக் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பின்னால் மாமா மாமா என்று கூப்பிட்டான்.

டாக்டர் வார்டில்தான் இருந்தார். அட்டையை எடுத்து நீட்டினேன்.

"அன்னிக்கு கேட்டீங்களேம்மா. வலி மாத்திர போட்டா. நாந்தான் குடுத்தேன். வெறும் வயித்துல."

எத்தனை, கடைசியாக எப்போது, அதற்கு முன் அல்சர் உண்டா என்று மளமளவென்று கேட்டார். திட்டவில்லை. இதை வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். இந்த மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கும், ரத்தம் உறைவதையும் கெடுக்கும். தட்டணு குறைகிற நேரத்தில் இரண்டும் சேர்ந்தால் கசியும். பாராசிட்டமால் அப்படிச் செய்யாது, அளவோடு கொடுத்தால் போதும், காய்ச்சலுக்கும் உடம்பு வலிக்கும் அதுவே கேட்கும். அதாவது என் சுண்ணாம்புத்தூள். மாத்திரையால்தான் ஆச்சா என்று கேட்டேன். நோயே இப்படிச் செய்யக்கூடியதுதான், எது எவ்வளவு என்று இப்போது சொல்ல முடியாது, ஆனால் கொடுத்திருக்கக் கூடாது என்றார். முழுக்க என்னால்தான் என்று சொல்லியிருந்தால்கூடத் தேவலாம் போல இருந்தது.

ஊசி ஒன்றை உடனே மாற்றிப் போடச் சொன்னார். ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும், கடலூர் போங்கள் என்று 108-க்குச் சொன்னார்.

செ. எல்லாவற்றையும் கட்டிலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். வண்டியில் ஏற்றும்போது, "தம்பி முன்னாடி நீங்க தலகுனியக் கூடாதுன்னுதான மறச்சேன்" என்றாள். உதடு வெளுத்துப் போயிருந்தது. அவளுக்கு வருத்தம், நான் சொல்லிவிட்டேனே என்று.

நவ. 18, செவ்வாய்

கடலூர். கடல் காற்று, புழுக்கம். ரத்தம் ஏற்றுகிறார்கள். மச்சானும் கொடுத்தான்.

அவனிடம் நேற்று சொல்லிவிட்டேன், ஆஸ்பத்திரி வாசலில் வைத்து. அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன். ரொம்ப நேரம் செருப்பைப் பார்த்துக்கொண்டு இருந்தான். அக்காவுக்குச் சின்ன வயதிலேயே வயிற்றுப்புண் உண்டு, கல்யாணத்தப்பவே எங்கம்மா உங்ககிட்ட சொன்னாங்க மாமா என்றான். சொன்னார்களா? சொல்லியிருப்பார்கள். அன்றைக்கு எனக்கு பந்தி, மாலை, போட்டோ. மாமியார் சொன்னது எது காதில் ஏறியது?

அதோடு எழுந்து போனான். டீ வாங்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு, அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தான். இன்றைக்கும் அப்படித்தான். டீ வருகிறது, பேச்சு இல்லை.

டாக்டர்: இன்று கறுப்பு குறைந்திருக்கிறது. தட்டணு நின்ற இடத்தில் நிற்கிறது. இறங்கவில்லை என்பதே நல்ல சேதியாம்.

பொண்ணு ராத்திரி வண்டியில் வருகிறாள்.

நவ. 19, புதன்

தட்டணு ஏறுகிறது. இட்லி ஒன்று சாப்பிட்டாள். பொண்ணு தலை சீவிவிட்டது. பொண்ணிடம் அவளே சொல்லியிருக்கிறாள், அப்பாவ ஒண்ணும் கேட்டுடாத என்று. பொண்ணு ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது ஒவ்வொரு நிமிஷமும் தெரிகிறது.

நவ. 24, திங்கள்

வீடு. நல்ல வெயில். கூரை ஒழுகும் இடத்தில் தார்ப்பாய் போட்டேன். கழிவுக் கிண்ணம் எல்லாம் மூட்டை கட்டி வெளியேற்றியாயிற்று. கனகாம்பரம் மொட்டையாக நிற்கிறது. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை, தெரிகிறது. கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

செ. மெலிந்துவிட்டாள். வளையல் முழங்கை வரை ஏறுகிறது. மாடிப்படியில் பாதியில் உட்கார்கிறாள். மாடிக்கு எதற்கு என்று கேட்டால், மிளகாய் காயுது என்கிறாள்.

வாங்க: மாதுளை. ரவை. அவளுக்குத் துண்டு ஒன்று. பாராசிட்டமால், வெறும் பாராசிட்டமால்.

நவ. 27, வியாழன்

வேலைக்குப் போனேன். கடைசி விளக்கு லோடு. டீ வந்ததும் எல்லாக் கண்ணும் என் சட்டைப்பைக்கு. வாங்கவில்லை என்றேன். ஏன் கம்பவுண்டரே என்றான் முருகேசன், என் கூடவே தட்டு தூக்குகிறவன். நடந்ததைச் சொன்னேன். கடலூர் டாக்டரிடம் எங்கள் வழக்கத்தைச் சொன்னபோது அவர் முகம் போன போக்கையும் சொன்னேன். வெக்கையில் வேர்த்து, தண்ணீர் குடிக்காமல், வயிற்றில் ஒன்றும் இல்லாமல் இதைப் போட்டுக்கொண்டே இருந்தால் கிட்னி போகும் என்றார் அவர். வலி வரட்டும், சாப்பிட்டுவிட்டுப் போடு, முதலில் பாராசிட்டமாலைப் போட்டுப் பார், அளவைத் தாண்டாதே, தீராவிட்டால் ஆஸ்பத்திரிக்கு வா. அவ்வளவுதான் சொன்னார். இதற்குப் படிப்பே வேண்டாம்.

பிறகு முருகேசன் மெதுவாக எழுந்து மெடிக்கலுக்குப் போய் அட்டை வாங்கி வந்தான். "இடுப்பு கேக்காதுல்லண்ண" என்றான், மன்னிப்புக் கேட்கிற மாதிரி. அவனைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? அந்த வழக்கத்தை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவனே நான்.

நான் போடாமல் தூக்கினேன். இடுப்பு விட்டுப்போச்சு. குடத்துத் தண்ணீர் முழுக்கக் குடித்தேன்.

நவ. 30, ஞாயிறு

மூட்டம், காற்று. லீவு. மச்சான் போன் செய்து, அக்காவிடம் பேசிவிட்டு, மாமா இருக்காரா என்று கேட்டானாம். இருக்கார் என்றதும் சரி என்று வைத்துவிட்டானாம். கேட்டானே, அதுவே போதும்.

சாப்பிட்டுப் படுத்திருந்தேன். பின்பக்கம் பேச்சுச் சத்தம். செ. சுவரோரம் நின்று கௌரி அக்காவிடம் தலைவலி மாத்திரை கேட்கிறாள். பாராசிட்டமால் இருந்தால் கொடுங்கள், அட்டையோடு கொடுங்கள் அக்கா, பேரைப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறாள். பாராசிட்டமால் எங்கள் அலமாரியில் இருக்கிறது. நான் வாங்கி வைத்தது. அவளுக்கும் தெரியும்.

வாங்கிக்கொண்டு உள்ளே வந்தாள். நான் எழுந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றாள். சண்டை போடுகிற எண்ணம் இல்லை. ஏன் என்னிடம் கேட்கவில்லை என்று மட்டும் கேட்டேன். கல்யாணம் ஆனதிலிருந்து இந்த வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவன் நான்.

மாத்திரையைப் பிரித்தாள், பேரைப் படித்தாள், தண்ணீர் மொண்டு விழுங்கினாள். பிறகு சொன்னாள், கோபமே இல்லாமல்.

"நீங்க குடுத்தா வேணாம்னு சொல்லத் தெரியாதுங்க எனக்கு. அதனாலதான் கேக்கல."

சொல்லிவிட்டு, மிளகாயை மழைக்கு முன்னால் அள்ளிவிடலாம் என்று மாடிக்குப் போனாள்.